அகராதி நம் லயத்துக்கு வந்த வரலாறு



நம் பிள்ளைகள் கட்டுரை எழுதும்போது, "என் தந்தையார் தோட்டத்தில் பனி செய்கிறார்" என்று எழுதிவிடுவதுண்டு. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போகிறவருக்குப் பனியும் ஒரு பங்குதான் என்று நாம் சிரித்துக்கொள்ளலாம். தேர்வுத்தாளைத் திருத்துபவர் சிரிக்க மாட்டார், மதிப்பெண்ணைக் குறைப்பார். அதே பிள்ளை நாளை வேலைக்கு மனு எழுதும்போதும், ஆலயச் செயலவைக்குக் கடிதம் எழுதும்போதும் இந்தப் பிழை கூடவே வரும்.

பட்டணத்துப் படித்த வீட்டில் இப்படி ஒரு பிழை நேர்ந்தால் தாயோ தந்தையோ எட்டிப் பார்த்துத் திருத்திவிடுகிறார். பெற்றோர் இருவரும் வேலைக்காட்டுக்குப் போய்விடும் வீட்டில் யார் திருத்துவது? அதற்குத்தான் அகராதி, இலக்கண நூல் முதலிய துணைகள் தோன்றின. அந்தத் துணைகள் எப்படிப் பிறந்தன, யார் கையில் இருந்தன, நம் லயத்து வாசலுக்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதை இன்று சிறிது பார்ப்போம்.

முற்காலத்தில் அகராதி என்பது புத்தகமாக இருக்கவில்லை. மனிதனுடைய நினைவில் இருந்தது. நிகண்டு என்று ஒருவகை நூல் உண்டு. சேந்தன் திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி நிகண்டு என்பன அவற்றுள் புகழ்பெற்றவை. ஒரு பொருளுக்கு எத்தனை பெயர்கள், ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள்கள் என்பவற்றைச் செய்யுளாகக் கட்டி வைத்திருப்பார்கள். திண்ணைப் பள்ளி மாணவன் அதை நெட்டுருப் போட்டுவிடுவான். சொல் தேவைப்படும்போது ஏட்டைப் புரட்ட மாட்டான். செய்யுளை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பான். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு இப்படிப் பல தலைமுறைகளின் வாயில் வாழ்ந்தது. ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. யாருக்கு ஆசிரியர் வாய்த்தாரோ அவருக்கு மட்டுமே சொல் வாய்த்தது. திண்ணைக்குள் இடம் கிடைக்காதவனுக்கு நிகண்டும் கிடைக்கவில்லை.

1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் என்பவர் சொற்களை முதலெழுத்து வரிசையில் அமைத்து ஒரு நிகண்டு செய்தார். அகராதி நிகண்டு என்பது அதன் பெயர். அகரத்தை ஆதியாக, அதாவது முதலாக உடையது என்பதால் அகராதி. இன்று நாம் சாதாரணமாக வழங்கும் சொல் அந்த வழியில் வந்ததுதான். முழு நூலையும் மனப்பாடம் செய்யாத ஒருவரும் வேண்டிய சொல்லைத் தேடிப் பிடிக்கலாம் என்ற எண்ணம் அங்கே தொடங்கிவிட்டது.

அதைப் பெரிதாக வளர்த்தவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்து, சமயப் பணிக்காகத் தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழிலேயே ஊறிப்போனவர் அவர். 1732இல் சதுரகராதி என்ற நூலைச் செய்தார். சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். முதற்பகுதியில் சொல்லுக்குப் பொருள். இரண்டாவதில் ஒரே பொருள் தரும் பல சொற்கள். மூன்றாவதில் ஐம்பூதம், அறுசுவை போன்ற தொகைகள். நான்காவதில் எதுகைக்கு வேண்டிய சொற்கள். எழுதப்பட்ட பிறகு அச்சில் வர ஏறத்தாழ நூறாண்டு காலம் ஆயிற்று. அதுவரை ஏட்டுப் பிரதியாகவே கைமாறியது.

அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு செயல் எழுத்துப்பிழைக்கே நேரான மருந்து. பழைய ஓலைச்சுவடியில் குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் கொம்பு ஒன்றுதான். குறிலானால் மேலே புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் எழுத்தாணியால் ஓலையில் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும் என்ற அச்சத்தால் எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்புறம் படிப்பவர் பாடு திண்டாட்டம். எழுதியிருப்பது ‘செறு’வா ‘சேறு’வா என்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கொடு’, ‘கோடு’ என்ற இரண்டுக்கும் இதே கதி. குறிலுக்கு ஒற்றைக் கொம்பு, நெடிலுக்கு மேலே சுழித்த இரட்டைக் கொம்பு என்று வேறுபடுத்தும் முறை வீரமாமுனிவரால் வந்தது என்பர். இன்று முதலாம் ஆண்டுப் பிள்ளை ‘தெரு’, ‘தேர்’ என்று குழப்பமின்றி எழுதுகிறதே, அதற்குப் பின்னால் இந்தச் சிறு சுழி இருக்கிறது. சிறு சுழிதான், ஆனால் படிக்கிறவனுக்கு எவ்வளவு பெரிய உதவி!

19ஆம் நூற்றாண்டில் அச்சகம் பரவியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி தொடங்கினார்; பிறகு அச்சுக்கூடமும் அமைத்தார். பாலபாடம், இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை என்று மாணவர்க்கு நேரே உதவும் நூல்களை உரைநடையில் எழுதி அச்சிட்டார். நன்னூலைப் பார்த்து மிரண்டவர்கள் இந்த நூல்கள் வழியாக இலக்கணத்துக்குள் நுழைந்தார்கள். பின்னர் அதே யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி மலாயாவுக்கு வந்து கிராணிகளாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றியோர் பலர் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. வின்சுலோ என்ற அமெரிக்கப் பாதிரியார் 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன.

எல்லாவற்றுக்கும் மேலானது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1913இல் பணி தொடங்கியது. முதலில் சாண்ட்லர் என்ற பாதிரியார் பதிப்பாசிரியர். 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1939இல் அனுபந்தமும் சேர்ந்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள்! அந்தத் தொகுதிகளை அடுக்கி வைத்தால் லயத்து வீட்டு அலமாரியில் வேறு எதற்கும் இடம் இராது. விலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் இருந்தது, பெரிய நூலகத்தில் இருந்தது, நம்மிடம் இல்லை.

நம்மிடம் என்ன இருந்தது? மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூறியது. பள்ளிகள் தோன்றின. ஆனால் பல இடங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை; ஆசிரியர் என்பவர் ஓரளவு படித்த கங்காணி அல்லது கிராணி. பெரட்டு முடித்து, கணக்கு எழுதி, மிச்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கொட்டகையில் அவர்கள் விதைத்த அரிச்சுவடிதான் பிற்பாடு நம்மவர் கையில் பத்திரிகையாக வந்து நின்றது.

ஆம், அகராதி இல்லாத குறையைப் பத்திரிகை ஓரளவு தீர்த்தது. இது நம் நாட்டின் தனிச்சிறப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது. 1924இல் கோலாலம்பூரில் தமிழ் நேசன் தொடங்கியது. 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசு தோன்றியது, கோ. சாரங்கபாணி அதை வளர்த்தார். செய்தி சொல்வதோடு நின்றுவிடாமல், வாசகனுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் தம் கடமை என்று இவை கருதின. 1950ஆம் ஆண்டில் தமிழ் நேசனில் ‘கதை வகுப்பு’ என்ற பகுதி தொடங்கியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதை நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று ஏட்டிலேயே பாடம் வரும். வாசகர்கள் பயிற்சியை எழுதித் தபாலில் அனுப்புவார்கள். பின்னர் கு. அழகிரிசாமி தமிழ் நேசனின் ஆசிரியராகத் தமிழகத்திலிருந்து வந்து, இலக்கிய வட்டம் கூட்டி, இளம் எழுத்தாளர்களின் படைப்பை எடுத்துவைத்துக் குறை நிறை சொன்னார். தமிழ் முரசு 1950களில் ‘மாணவர் மணிமன்றம்’ என்று மாணவருக்கே ஒரு பகுதியை ஒதுக்கியது. தோட்டத்துப் பையன் ஒருவன் எழுதி அனுப்பியது அச்சில் வருகிறது. அனுப்பிய வாக்கியத்தையும் அச்சான வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். எங்கே ஒற்றுச் சேர்ந்தது, எங்கே றகரம் ரகரமாகத் திருத்தப்பட்டது என்று தானே கண்டுகொள்கிறான். ஆசிரியர் நேரில் இல்லாமலே பாடம் நடந்துவிட்டது. பிற்காலத்தில் எழுத்தாளர்களாகவும் ஆசிரியர்களாகவும் பெயர் பெற்ற பலர் இந்தப் பக்கங்களில் எழுதிப் பழகியவர்கள்தாம். தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. தொண்ணூற்றைந்து ஆண்டுகள் என்பது குறைந்த வயதன்று. ஆயினும் நின்ற செய்தி கேட்டு நெஞ்சு கனத்தது.

இடையே எழுத்துச் சீர்திருத்தம் பற்றியும் ஒரு சொல். தந்தை பெரியார் 1935இல் தம் குடியரசு ஏட்டில் சில எழுத்துகளை எளிமையாக்கி அச்சிடத் தொடங்கினார். ணா, றா, னா, லை, ளை போன்றவற்றுக்கு முன்பு வேறு வடிவங்கள் இருந்தன. ‘லை’ என்பது யானைத் துதிக்கை போல முன்னே வளைந்து நிற்கும். இத்தகைய எழுத்துகள் பதின்மூன்றை மற்ற எழுத்துகளைப் போலவே கால், கொம்பு, இணைக்கொம்பு இட்டு எழுதலாம் என்பது சீர்திருத்தம். தமிழக அரசு 1978இல் அதை ஏற்று ஆணையிட்டது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அது வழக்குக்கு வந்தது. ஆகவே, பாட்டனார் கைப்பட எழுதிய பழைய கடிதத்தில் ‘லை’ வேறு மாதிரி இருந்தால், அவருக்கு எழுதத் தெரியவில்லை என்று பேரப்பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. அவர் காலத்தில் அதுவே சரியான எழுத்து.

இனி, கணினிக்கு வருவோம். கணினியில் தமிழ் என்றதும் அது முழுவதும் வெளியூரிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. முரசு அஞ்சல் என்ற தமிழ் எழுதும் மென்பொருளை 1985இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். சிங்கப்பூரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் முதல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில்தான் கூடியது. கோவிந்தசாமி 1999இல் காலமானார். தாம் நட்ட செடி மரமானதை அவர் காணவில்லை.

அந்தத் தொடக்க காலத்தில் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துக்கு ஒவ்வொரு குறியீட்டு எண் வைத்திருந்தனர். ஒருவர் எழுதி அனுப்பியதை மற்றவர் கணினியில் திறந்தால், கோழி கிளறிய குப்பை போல் ஏதேதோ குறிகள் தெரியும். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்நெட் 99 என்ற விசைப்பலகை முறை ஒழுங்காக்கப்பட்டது. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீடு பரவிய பின்னரே குழப்பம் முழுவதும் நீங்கியது. பழைய ஓலையில் புள்ளி இல்லாமல் தவித்தார்களே, கிட்டத்தட்ட அதே தவிப்புதான் புது வடிவத்தில் வந்து போயிற்று.

1998 பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழன்பர்கள் ஊதியம் எதுவும் வாங்காமல், பழைய நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் ஏற்றினார்கள். 2001இல் தமிழக அரசின் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். இலக்கணப் பாடங்கள், நூலகம், அகராதிகள் எல்லாம் அதில் உள்ளன. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம், தமிழ் லெக்சிகனையும் வின்சுலோ அகராதியையும் சொல் தேடும் வகையில் இணையத்தில் வைத்துவிட்டது. அலமாரியில் இடம் கொள்ளாது என்று சொன்னேனே, அந்த ஏழு தொகுதிகளும் இப்போது சட்டைப்பையில் அடங்கிவிட்டன. கட்டணமும் இல்லை.

நல்லது. கைப்பேசி இருந்துவிட்டால் எல்லாம் வந்துவிட்டதா? 2020 மார்ச் மாதம் பள்ளிகள் மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாடமெல்லாம் புலனத்தில் வந்தது. வீட்டில் ஒரே கைப்பேசி. அது அப்பாவின் சட்டைப்பையில் காட்டுக்குப் போய்விடும். அவர் திரும்பிய பிறகு மூன்று பிள்ளைகள் அதற்குக் காத்திருந்தார்கள். அலைத்தொடர்பு கிடைக்க மேட்டுக்கு ஏறி நின்றவர்களும் உண்டு. துணை வந்து வாசலில் நின்றாலும், கதவைத் திறக்கக் காசும் கம்பியும் வேண்டியிருக்கின்றன.

சரி, கருவி கையில் இருக்கும் வீடுகளுக்குச் சில செய்திகள். பிள்ளைகள் புலனத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ‘வலி’, ‘வளி’, ‘வழி’ மூன்றும் அங்கே பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. லகர ளகர ழகர வேறுபாடு கையை விட்டு நழுவுவதற்கு இதைவிட எளிய பாதை இல்லை. மாறாக, அஞ்சல் முறையில் தமிழ் எழுதிப் பாருங்கள். சிறிய ‘எல்’ அழுத்தினால் லகரம், பெரிய ‘எல்’ அழுத்தினால் ளகரம், ழகரத்துக்கு ‘இசட்’. எது வேண்டும் என்று பிள்ளை ஒவ்வொரு முறையும் முடிவு செய்தாக வேண்டும். செல்லினம் என்ற செயலியில் இம்முறையும் உண்டு, தமிழ்நெட் 99 முறையும் உண்டு.

அகராதியில் தேடும்போது, ‘நின்றேன்’ என்று தட்டினால் லெக்சிகனில் கிடைக்காது. வேர்ச்சொல் ‘நில்’ என்பதைத் தெரிந்து தேட வேண்டும். ‘வந்தான்’ என்றால் ‘வா’. பகுதி, விகுதி என்று நாம் பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும்போது பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்களே, அந்த இலக்கணம்தான் அகராதிக்குத் திறவுகோல்.

பிழைதிருத்தும் மென்பொருளும் தமிழுக்கு வந்திருக்கிறது. வாணி என்பது சொற்பிழையைக் காட்டும். நாவி என்பது சந்திப்பிழையைக் காட்டும். ஆங்கிலத்துக்குச் செய்வதைவிடத் தமிழுக்கு இது கடினமான வேலை. ‘மரத்திலிருந்துதான்’ என்ற சொல் எந்த அகராதியிலும் இராது. மரம், அத்து, இல், இருந்து, தான் என்று பிரித்துப் பார்த்தால்தான் அது சரியா என்று தெரியும். ஒரே பெயர்ச்சொல் இப்படி நூற்றுக்கணக்கான வடிவம் எடுக்கும். இவை எல்லாவற்றையும் பிரிக்கும் விதியைக் கணினிக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ‘பனி செய்கிறார்’ என்பதில் ‘பனி’ உண்மையான சொல்தானே? கருவி பேசாமல் விட்டுவிடக்கூடும். ஒருவர் மனுவில் ‘வேலை கொடுங்கள்’ என்று எழுதினால் பிழைப்புக்கு வேலை கேட்கிறார். அதே இடத்தில் ககர ஒற்றுச் சேர்த்து ‘வேலைக் கொடுங்கள்’ என்று எழுதினால், முருகப்பெருமானின் கையில் இருக்கும் வேலைக் கேட்கிறார்! இரண்டும் இலக்கணப்படி சரி. எது அவர் கருத்து என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெற்றோருக்கு இன்னொரு செய்தி. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் தமிழ் முரசின் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. உங்கள் தாத்தாவோ அத்தையோ மாணவர் மணிமன்றத்தில் எழுதியவராக இருந்தால், அந்த எழுத்து அங்கே இருக்கக்கூடும். பிள்ளைகளோடு உட்கார்ந்து தேடிப் பாருங்கள். பழைய ‘லை’யையும் ‘ணா’வையும் அப்போது காட்டிக் கொடுக்கலாம்.

தமிழ் விக்சனரி என்ற இணைய அகராதி 2004 முதல் நடந்து வருகிறது. அதில் யார் வேண்டுமானாலும் சொல்லைச் சேர்க்கலாம். சென்ற ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பால்வெட்டுச் சொற்களை எழுதி வரச் சொன்னேன். கித்தா, பெரட்டு, மங்கு, காண்டா வாளி, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்று நாற்பதுக்கு மேல் வந்தன. ‘கித்தா’ மலாய்மொழியின் ‘கெத்தா’விலிருந்து வந்தது என்பதை ஒரு மாணவி தானே கண்டுபிடித்துச் சொன்னாள். ‘பெரட்டு’ என்று சிலரும் ‘பிரட்டு’ என்று சிலரும் எழுதியிருந்தார்கள். எது சரி என்று என்னைக் கேட்டார்கள். வையாபுரிப் பிள்ளையைக் கேட்டுச் சொல்ல முடியாது. பெரட்டுக் களத்தில் ஐம்பது ஆண்டு நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும். இரண்டு வடிவத்தையும் எழுதி, எந்தத் தோட்டத்தில் எது வழங்கியது என்ற குறிப்போடு வைத்திருக்கிறோம். பட்டியல் இன்னும் முடியவில்லை. செம்பனைத் தோட்டத்துச் சொற்களை இந்த ஆண்டு மாணவர்கள் கேட்டு எழுதி வருகிறார்கள்.